பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்ப்பது? – டீச்சர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் சேர்ப்பதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி, மண்டபம், சின்னப்பாலம் என்று எல்லாமே நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள். இந்தக் கரையோரப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

கேள்வி: டீச்சர், என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போறார். மகளுக்கு இந்த ஜூன் வந்தா எல்.கே.ஜி. வயசு. எங்க தெருவுல எல்லாப் பிள்ளையும் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகுது. நம்ம பிள்ளை மட்டும் பக்கத்துல இருக்கிற பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் போனா மரியாதையா இருக்காதுன்னு மாமியார் சொல்றாங்க. நகையை அடகு வச்சாவது சேர்க்கலாம்னு இருக்கோம். செய்யலாமா? – ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: நகையை வைக்காதீர்கள், தங்கச்சி. முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம், படிப்புக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற அதே நாட்களில்தான் பள்ளிக்கூடம் முதல் தவணை கேட்கிறது, நோட்டு கேட்கிறது, யூனிஃபார்ம், ஷூ, வேனுக்கு முன்பணம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. தடை முடிந்து படகு போய் முதல் மாசம் கைக்கு வருகிற காசு பழைய கடனுக்கே சரியாகப் போய்விடும். இது ஒரு வருஷத்தோடு முடிகிற செலவும் இல்லை. எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எண்ணிப் பாருங்கள், 14 வருஷம். முதல் வருஷத்துக்கே நகை போனால் நாலாவது வருஷத்துக்கு எது இருக்கும்?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஃபீஸ் கட்ட முடியாமல் மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் எங்கள் பள்ளிக்குத் திரும்பி வந்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைகள் வந்து உட்காரும்போது தமிழில் எழுத்துக்கூட்டத் தெரியாது, இங்கிலீஷில் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது. அப்படி வந்த ஒரு பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை. 'ஹை டைட், லோ டைட்' என்றால் என்ன என்று கேட்டால் நாலு வரி இங்கிலீஷை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அவள் வீடு கடலுக்கு ஐம்பது அடியில் இருந்தது. "கடல் ஏறுறதும் வத்துறதும்தானம்மா அது?" என்று கேட்டேன். அப்படியே நின்றாள். அவள் அப்பா தினமும் அதைப் பார்த்துத்தான் வள்ளத்தை இறக்குகிறார், அது எப்போது ஏறும் எப்போது வத்தும் என்று அவளுக்கே தெரியும், ஆனால் புத்தகத்தில் படித்ததும் வாசலில் பார்ப்பதும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும், நல்லாவே வேண்டும். ஆனால் இங்கிலீஷை ஒரு பாடமாக நன்றாகப் படிப்பது ஒன்று, கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே படிப்பது வேறொன்று. பஞ்சாயத்துப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் ஒரு பாடம் உண்டு. 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவே இருக்கிறது. சின்ன வயசில் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை போட்டிருக்கிறது, நம்முடைய 2009 கல்வி உரிமைச் சட்டத்திலும் முடிந்தவரை தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதே சமயம், எந்த மொழியில் படிக்க வைப்பது என்பது பெற்றோர் விருப்பம், அரசு அதைத் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, உங்கள் மாமியார் உட்பட.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயசுதானே? அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். ஐந்து வயசில் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் ஒருநாள் அந்தப் பஞ்சாயத்துப் பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை டீச்சர், எத்தனை பிள்ளைகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா. தமிழ்ப் பள்ளி என்பதற்காக மோசமான பள்ளியில் சேர்க்கச் சொல்ல மாட்டேன். ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற இடமாக இருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பாருங்கள். நன்றாக நடக்கிற பள்ளியாக இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும், நீங்கள் அதிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர் என்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியும் தனியார் பள்ளிதான் என்று மனசு சொன்னால் நகைக்குப் போவதற்கு முன், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடத்துக்கு மனுப் போடுங்கள். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2 லட்சத்துக்குள் இருந்து, பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ கேட்கலாம், எட்டாம் வகுப்பு வரை படிப்புக் கட்டணம் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நம் கரையில் பல பள்ளிகள் சிறுபான்மை நிர்வாகம் நடத்துபவை, கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-இல் தீர்ப்பு வந்துவிட்டது, அதனால் அங்கே இந்த 25 சதவீதம் கிடையாது. முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மரியாதை பற்றி உங்கள் மாமியார் சொன்னது. உங்கள் தீவிலேயே ராமேஸ்வரத்தில் தொடக்கப் பள்ளியும், அப்புறம் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியும் படித்தவர்தான் அப்துல் கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவரைச் சொல்லிப் பிள்ளை தலையில் பாரம் ஏற்ற இஷ்டமில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போங்கள், அவரும் பார்க்கட்டும்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் என்னை உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள், எனக்கு பதில் சொல்ல வரவில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேச ஆளில்லை என்றால் பிள்ளை கஷ்டப்படுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். இனிமேல் பிள்ளையிடம் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று அவர் போனில் சொல்கிறார். என்னால் முடியுமா டீச்சர்? – கீழக்கரை வாசகி

பதில்: உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டதே தப்பு. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது, முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பள்ளி சிறுபான்மை நிர்வாகமா இல்லையா என்று மட்டும் தெரிந்துகொண்டு (மேலே சொன்ன அதே காரணம்), இல்லை என்றால் ராமநாதபுரத்தில் தனியார் பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிற மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

அடுத்து, வீட்டில் இங்கிலீஷ் பேசுவது. வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம். உங்களுக்கு இங்கிலீஷில் 'கம், ஈட், ஸ்லீப், டோன்ட் டூ' வரும். அவ்வளவுதான் வரும் என்றால் உம்மா வாயிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சும் அவ்வளவுதான். அவன் ஏன் மழை வருது, வாப்பா ஏன் தூரத்தில் இருக்கார், மௌத் ஆனவங்க (இறந்தவங்க) எங்கே போறாங்க என்று கேட்பானே, அதற்கெல்லாம் நீங்கள் எந்த மொழியில் பதில் சொல்வீர்கள்? ஐந்து ஆறு வயசில் பிள்ளை மூளைக்குள் போகிற பேச்சு எவ்வளவு அதிகமோ, எவ்வளவு விதமானதோ, அதை வைத்துத்தான் பின்னால் எந்த மொழியில் வாசித்தாலும் புரிகிறது. உங்களிடம் நிறைந்து இருப்பது தமிழ். அதை முழுசாகக் கொடுங்கள், கதை சொல்லுங்கள், கடைக்குப் போகும்போது பேசிக்கொண்டே போங்கள்.

இங்கிலீஷ் காதில் விழுகிற ஊரில் இருப்பவர் உங்கள் கணவர். தினமும் வீடியோ கால் வருகிறதல்லவா? அதில் பத்து நிமிஷம் அவர் பிள்ளையிடம் இங்கிலீஷில் பேசட்டும், ஒரு சின்னப் புத்தகத்தை இரண்டு பேரும் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும். அந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

எந்தப் பள்ளி என்று கேட்டால், உங்கள் விஷயம் தங்கச்சிமடம் தங்கச்சி விஷயத்திலிருந்து வேறு. இரண்டு மூன்று வருஷத்தில் குடும்பத்தோடு துபாய்க்குப் போகப் போகிறீர்கள் என்றால் இங்கிலீஷ் மீடியம்தான் சரி, அங்கே போய்த் திடீரென்று மாற்றினால் பிள்ளை திண்டாடுவான். போகப் போவதில்லை என்றால் அவசரமில்லை. எந்தப் போர்டு பள்ளியாக இருந்தாலும் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறதா, அதை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். பீரியடை அட்டவணையில் மட்டும் போட்டுவிட்டு வேறு பாடம் நடத்துகிற பள்ளிகளும் இருக்கின்றன, பிள்ளையின் தமிழ் நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து மகளை அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறேன். பாக்கி கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். – ஒரு தகப்பன்

பதில்: டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபீஸ் வசூலிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதவும் கூடாது. பாக்கியை அவர்கள் வேறு வழியில் கேட்டுக்கொள்ளலாம், நீங்களும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் வேண்டும். நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லிச் சேர்க்க மறுக்க முடியாது. பிள்ளை ஒருநாள்கூட வீட்டில் இருக்க வேண்டாம்.

கேள்வி: நான் பனை ஏறுகிறவன், இரண்டு ஏக்கர் மிளகாயும் உண்டு. மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான், தமிழ் மீடியம், கணக்கில் கெட்டி. ஆறாம் வகுப்புக்குப் போகிற அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் பிரிவும் இருக்கிறது. மாற்றினால் காலேஜில் கஷ்டப்பட மாட்டான் என்கிறார்கள். தமிழில் படித்தால் வேலைக்குச் சலுகை என்றும் சொல்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. – சாயல்குடி

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பது சரியான நேரத்தில். மாற்றுவது என்றால் ஆறாம் வகுப்புதான் தோதான இடம். ஒன்பதிலோ பதினொன்றிலோ மாற்றினால் பிள்ளை ஒரு வருஷம் தவித்துப்போவான்.

முதலில் ஒரு சோதனை. ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் அவன் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டான் என்றால் மாற்றலாம். வாசிப்பு வருகிறது, அர்த்தம் சொல்லத் தெரியவில்லை என்றால் மாற்றாதீர்கள். கணக்கில் கெட்டி என்பதை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது. எண்களாகக் கொடுத்தால் சட்டென்று போடுகிற பிள்ளை, அதே கணக்கை நாலு வரி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் எதைக் கூட்டுவது எதைக் கழிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கணக்கு வராமல் இல்லை, அந்த நாலு வரி புரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அவனே 'எனக்குக் கணக்கு வராது' என்று நம்ப ஆரம்பித்துவிடுவான், அதுதான் எனக்குப் பயம்.

சலுகை விஷயத்தில் மூன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்பது 2010 சட்டம். 2020-இல் அதைத் திருத்தியதற்கு அப்புறம், ஏதோ ஒரு படிப்பை மட்டும் தமிழில் முடித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்றிதழ் கேட்கிறது. உங்கள் மகன் இதுவரை தமிழ்தான் என்பதால் அந்த வழி திறந்திருக்கிறது, இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினால் மூடிவிடும். இரண்டாவது, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம், 2020-இல் வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், சட்டம், வேளாண்மைக்கும் வந்துவிட்டது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், மீடியம் எதுவானாலும் சரி. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது, நம் கரையில் நிறைய பேருக்கு இது தெரியாமல் பிள்ளை பிளஸ் டூ முடித்த பிறகு வந்து கேட்கிறார்கள், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மூன்றாவது, காலேஜ் போனால் மாசம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இது அரசுப் பள்ளியில் எந்த மீடியமானாலும் உண்டு. உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் மீடியமாக இருக்க வேண்டும். நீட் எழுத வேண்டும் என்று ஆசை வந்தாலும் கேள்வித்தாள் தமிழிலும் உண்டு.

காலேஜில் கஷ்டப்படுவான் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழிலும் இருக்கிறது என்றாலும் பெரும்பாலான காலேஜில் பாடம் இங்கிலீஷில்தான், தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் வருஷம் வாயைத் திறக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு இப்போதே ஒரு வழி செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். கணக்கிலும் அறிவியலிலும் வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்திலேயே இங்கிலீஷ் வார்த்தையை எழுதி வரட்டும், பின்னம் என்றால் ஃப்ராக்ஷன், விசை என்றால் ஃபோர்ஸ், அடர்த்தி என்றால் டென்சிட்டி. தமிழ் மீடியத்திலேயே இருந்தாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இதைச் செய்த பிள்ளைகள் காலேஜில் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு, அவன் தமிழ் மீடியத்திலேயே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பக்கத்தை நன்றாக வாசித்துச் சொல்லிவிட்டு, 'அப்பா நான் மாறுறேன்' என்று அவனே கேட்டால் விடுங்கள்.

கேள்வி: நான் கடல்ல பாசி எடுக்கப் போறவ டீச்சர். எழுதப் படிக்கத் தெரியாது, இதை மூத்தவ எழுதுறா. சின்னவ ரெண்டாம் வகுப்பு. அது நல்லாப் படிக்குதா, பள்ளிக்கூடத்துல ஒழுங்காச் சொல்லிக்குடுக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் மீடியத்துல போட்டா அவங்களே பாத்துக்குவாங்கன்னு சொல்றாக. – சின்னப்பாலம்

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் மூத்த மகள் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள், அவளிடம் சொல்லுங்கள்.

'அவங்களே பார்த்துக்குவாங்க' என்று எந்தப் பள்ளியையும் நம்பி விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. இப்போது பிள்ளை தமிழில் படிக்கிறாள் என்பதால்தான் உங்களால் அவள் படிப்பைப் பார்க்க முடியும். இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் அவள் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் முடியும். தமிழில் என்றால் உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் காது இருக்கிறதே. சாயங்காலம் கைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்காரும்போது, இன்றைக்கு என்ன பாடம், எனக்குச் சொல்லு என்று கேளுங்கள். கதையாகச் சொன்னாள் என்றால் புரிந்திருக்கிறது. ஒரே மாதிரி, இழுத்து இழுத்து, பாட்டுப்போல வந்தால் மனப்பாடம். நடுவில் நிறுத்தி 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள், மனப்பாடமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வாசிப்புக்குப் பள்ளிப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், அது அவளுக்கு மனசில் இருக்கும். மளிகை சாமான் கட்டி வருகிற பேப்பர், பஸ்ஸின் பெயர்ப் பலகை, அரிசிப் பையில் இருக்கிற எழுத்து, இதையெல்லாம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகப் படிக்கிறாளா என்று மூத்தவள் சொல்லிவிடுவாள். கணக்குக்கு, பாசி எடை போடுகிற அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிலோ இவ்வளவு, இத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். ரெண்டாம் வகுப்புதான், பெரிய எண் என்றால் திணறுவாள், பத்துப் பத்தாகக் கூட்டிச் சொன்னாலே போதும். வியாபாரி சொல்கிற தொகை உங்களுக்கு மனசிலேயே தெரியும், நீங்களே அவளுக்கு விடைத்தாள் திருத்தலாம்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று சின்னவளிடம் கேட்டு வரச் சொல்லி, அன்றைக்கு ஒருநாள் கடலுக்குப் போகாமல் அங்கே போய் உட்காருங்கள், கூடப் பாசிக்கு வருகிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'எம்பிள்ளை எந்தப் பக்கம் வரைக்கும் வாசிக்குது, எனக்கு முன்னாடி வாசிக்கச் சொல்லுங்க' என்று கேளுங்கள். நான் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தபோது அப்படி ஒரு தாய் கேட்டார். அந்தப் பிள்ளை திக்கித் திக்கித்தான் வாசித்தது, எனக்கு அவமானமாக இருந்தது, அடுத்த ஆறு மாசம் அந்த வகுப்பில் தினமும் முதல் அரை மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கினோம். கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள், மூத்தவளையே எழுதச் சொல்லுங்கள்.